பல்கலைக்கழகக் காப்பகங்களில் நூல்களையும் ஆய்வேடுகளையும் தவிர வேறென்ன இருக்கிறது?

கேள்வி: ஆய்வு மாணவி

அனைவருக்கும் வணக்கம். அறிவியல் வரலாற்றில் அண்மையில் ஆய்வு தொடங்கியிருக்கிறேன். நான் படிக்கும் கட்டுரைகளின் அடிக்குறிப்புகளில் அச்சிட்ட நூல்களின் பெயர்களோடு, ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரும் அதன்கீழ் பெட்டி எண், கோப்பு எண், கண்ணாடித் தட்டின் எண், ஒலிநாடாவின் எண் போன்றவையும் அடிக்கடி வருகின்றன. பல்கலைக்கழக நூலகம் என்றால் நூல்கள், ஆய்விதழ்கள், பட்டம் பெற்றவர்களின் ஆய்வேடுகள் ஆகியவையே என்ற அளவில்தான் எனக்குப் பழக்கம்.

எனக்கு மூன்று ஐயங்கள் உள்ளன. முதலாவது, பல்கலைக்கழகங்கள் உண்மையில் எத்தனை வகையான பொருள்களைக் காத்து வைக்கின்றன, அவற்றை எப்படி ஒழுங்குபடுத்துகின்றன? இரண்டாவது, ஓர் ஆய்வு முடிந்து அதன் முடிவுகள் கட்டுரையாக வெளிவந்துவிட்ட பிறகு, அந்த ஆய்வின் மூலப்பொருள்களை இடமும் பணமும் செலவழித்து ஏன் வைத்திருக்க வேண்டும்? மூன்றாவது, எல்லாம் மின்னாக்கம் செய்யப்பட்டு வரும் இக்காலத்தில் நேரில் சென்று பார்க்க வேண்டிய தேவை இன்னும் இருக்கிறதா? அனுபவம் உள்ளவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: ஆவணக் காப்பாளர்

வணக்கம் அம்மா. பல்கலைக்கழகக் காப்பகம் ஒன்றில் நெடுங்காலமாகப் பணியாற்றி வருபவன் என்ற முறையில் உங்கள் முதல் கேள்விக்கு விடை சொல்ல முயல்கிறேன்.

நூலகத்தில் இருக்கும் ஒரு நூல் தொலைந்துபோனால், பெரும்பாலும் அதன் இன்னொரு படி வேறெங்காவது கிடைக்கும். காப்பகத்தில் இருப்பதோ பெரும்பாலும் உலகிலேயே ஒன்றுதான். ஒழுங்குபடுத்தும் முறையும் இதனாலேயே வேறுபடுகிறது. நூல்களைப் பொருள்வாரியாக அடுக்குகிறோம். ஆவணங்களை யார் உருவாக்கினார்களோ அவர்களின் பெயரிலேயே, அவர்கள் வைத்திருந்த வரிசையிலேயே வைக்கிறோம். 1841இல் பிரான்சின் அரசு ஆவணங்களுக்காக வகுக்கப்பட்ட நெறியிலிருந்து வளர்ந்த இந்த முறையே இன்று உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. ஒரு வேதியியல் பேராசிரியரின் தாள்கள் எங்களிடம் வந்தால், அவற்றில் ஆய்வகக் குறிப்பேடுகள், நிதி கோரிய விண்ணப்பங்கள், அவை மறுக்கப்பட்ட கடிதங்கள், மாணவர்களுக்கு எழுதிய பரிந்துரைகள், பாதியில் நின்ற கட்டுரைகள் எல்லாம் கலந்தே இருக்கும். கடிதங்களைத் தனியாகவும் குறிப்பேடுகளைத் தனியாகவும் பிரித்துவிட்டால், எந்தக் கடிதம் எந்தச் சோதனையின் நடுவில் வந்தது என்பதை அதன்பின் எவராலும் கண்டறிய முடியாமல் போகும்.

பல்கலைக்கழகத்தின் சொந்த நிர்வாக ஆவணங்கள், அறிஞர்களின் தனித்தாள்கள், பழஞ்சுவடிகள், நிலப்படங்கள், ஒளிப்படங்கள், ஒலிப்பதிவுகள், சமூகக் கணக்கெடுப்புகளின் தரவுகள், உலர்த்திய தாவரங்கள், பாறைகள், மர வளையத் துண்டுகள் என வகைகள் விரிந்துகொண்டே போகும். இவை எல்லாம் ஒரே கட்டடத்திலோ ஒரே துறையின் பொறுப்பிலோ இருப்பதில்லை. நூலகப் பட்டியலில் தேடிக் கிடைக்காத ஒன்று, அதே வளாகத்தின் வானியல் துறையிலோ தாவரவியல் துறையிலோ இருக்கலாம். புதிதாக வருபவர்கள் மிகவும் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

ஒரு தொகுப்பைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். 1896இல் ஆக்னஸ் லூயிஸ், மார்கரெட் கிப்சன் என்னும் இரட்டைச் சகோதரிகள் எகிப்து, பாலஸ்தீனப் பயணத்திலிருந்து கொண்டுவந்த சில பழைய ஏட்டுத் துண்டுகளைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எபிரேய அறிஞர் சாலமன் ஷெக்டரிடம் காட்டினார்கள். அவற்றில் ஒன்று, நெடுங்காலமாக மொழிபெயர்ப்பிலேயே அறியப்பட்டிருந்த, பென் சிராக் என்பவர் எழுதிய பழைய யூத ஞானநூலின் எபிரேய மூலம் என்பதை அவர் கண்டுகொண்டார். கெய்ரோவின் பென் எஸ்ரா என்னும் யூதத் தொழுகைக்கூடத்தில் ஒரு சேமிப்பறை இருந்தது. இறைவனின் பெயர் எழுதப்பட்டிருக்கக்கூடிய எந்தத் தாளையும் குப்பையில் எறியக் கூடாது என்ற மரபினால், பயனற்றுப்போன தாள்களை நூற்றாண்டுகளாக அதற்குள் போட்டு வந்தார்கள். ஷெக்டர் அங்கிருந்து கொண்டுவந்தவையும் பின்னர்ச் சேர்ந்தவையுமாக ஏறத்தாழ 1,93,000 துண்டுகள் இன்று கேம்பிரிட்ஜில் உள்ளன. சமயநூல்களோடு திருமண ஒப்பந்தங்கள், கடன் சீட்டுகள், சிறுவர்களின் எழுத்துப் பயிற்சிகள், மங்களூரில் தங்கி வணிகம் செய்த ஒருவரின் கடிதங்கள் வரை அவற்றில் கிடைத்தன. சமயநூல்களைத் தேடித்தான் அறிஞர்கள் முதலில் இத்தொகுப்புக்கு வந்தார்கள். பிற்காலத்தில் எஸ். டி. கோய்ட்டைன் போன்ற வரலாற்றாளர்கள், முன்னோர் ஒதுக்கித் தள்ளிய கணக்குச் சீட்டுகளையும் கடிதங்களையும் கொண்டே இடைக்கால மத்தியதரைக்கடல் மக்களின் அன்றாட வாழ்வை வரைந்து காட்டினார்கள். ஷெக்டர் தமக்குத் தேவையானவற்றை மட்டும் பொறுக்கி எடுத்திருந்தால் இந்த இரண்டாவது ஆய்வு நடந்திருக்கவே முடியாது.

பதில் 2: அறிவியல் ஆய்வாளர்

இரண்டாவது கேள்விக்கு, அதாவது கட்டுரை வெளிவந்த பின் மூலப்பொருளை ஏன் வைத்திருக்க வேண்டும் என்பதற்கு, அறிவியல் துறைகளிலிருந்து விடை தருகிறேன். கட்டுரை என்பது ஆய்வாளர் தம் காலத்தில் கேட்ட கேள்விக்கான விடை. மூலப்பொருளோ, இன்னும் யாருக்கும் தோன்றாத கேள்விகளுக்கும் விடை வைத்திருக்கக்கூடியது.

ஹார்வர்டு வானாய்வகத்தில் 5,00,000-க்கும் மேற்பட்ட கண்ணாடி ஒளிப்படத் தட்டுகள் உள்ளன. 1880கள் தொடங்கி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் வட, தென் அரைக்கோளங்களிலிருந்து எடுக்கப்பட்ட வானத்தின் படங்கள் அவை. தட்டில் விண்மீன்கள் வெள்ளைப் பின்னணியில் கரும்புள்ளிகளாகத் தெரியும். அவற்றை ஆராய்ந்த பெண் கணக்கர்கள் கண்ணாடியின் மறுபக்கத்தில் மையால் வட்டமிட்டும் எண்ணிட்டும் வைத்திருப்பார்கள். அவர்களுள் ஒருவரான ஹென்ரியட்டா லெவிட், சிறிய மெகல்லன் முகில் என்னும் அண்டை விண்மீன் மண்டலத்தில் ஒளி மாறும் விண்மீன்களை இத்தட்டுகளில் ஒப்பிட்டுத்தான், அவற்றின் ஒளிமாற்றக் காலத்துக்கும் பொலிவுக்கும் உள்ள தொடர்பை 1912இல் நிறுவினார். விண்மீன் மண்டலங்களின் தொலைவை அளக்கும் வழி அதிலிருந்து பிறந்தது.

லெவிட்டின் ஆய்வோடு தட்டுகளின் பயன் தீரவில்லை. 1963இல் 3சி 273 என்னும் வான்பொருள் பல நூறு கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ள குவேசார் (மிகப் பொலிவான விண்மீன் மண்டல மையம்) என்று மார்ட்டன் ஷ்மிட் கண்டறிந்தபோது, அதன் ஒளி மாறுகிறதா என்ற கேள்வி எழுந்தது. அதை அறியப் புதிதாகப் படமெடுக்கத் தொடங்கியிருந்தால் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும். ஹார்லன் ஸ்மித்தும் டாரிட் ஹாஃப்லீட்டும் ஹார்வர்டின் பழைய தட்டுகளைத் தேடி எடுத்தார்கள். குவேசார் என்ற சொல்லே இல்லாத காலத்தில், வேறு எதையோ படமெடுத்த தட்டுகளில், அந்தப் புள்ளி 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே பதிவாகியிருந்தது. அதன் ஒளி மாறி வந்திருப்பதும் தெரிந்தது.

தாளும் கண்ணாடியும் மட்டுமே காப்பகப் பொருள்கள் அல்ல. 1879இல் வில்லியம் பீல் என்னும் தாவரவியலாளர், இன்று மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகமாக உள்ள நிறுவனத்தின் நிலத்தில் 20 குப்பிகளைப் புதைத்தார். ஒவ்வொன்றிலும் ஈர மணலோடு 21 வகைச் செடிகளின் விதைகள், வகைக்கு 50 வீதம் இடப்பட்டிருந்தன. மண்ணுக்குள் ஒரு விதை எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும் என்பதே அவருடைய கேள்வி. குறித்த இடைவெளியில் ஒரு குப்பியைத் தோண்டி எடுத்து விதைகளை முளைக்க வைக்கிறார்கள். அந்த இடைவெளி முதலில் 5 ஆண்டாக இருந்து, பின்னர் 10 ஆண்டாகவும் 20 ஆண்டாகவும் நீட்டிக்கப்பட்டது. 2021இல் எடுக்கப்பட்ட குப்பியிலும் சில விதைகள் முளைத்தன. வெளிச்சம் பட்டால் விதைகள் தூண்டப்பட்டுவிடும் என்பதால் இரவில்தான் தோண்டுகிறார்கள். கடைசிக் குப்பி 2100இல் எடுக்கப்பட வேண்டியது. புதைத்த இடத்தின் வரைபடம் ஒரு தலைமுறை ஆய்வாளரிடமிருந்து அடுத்த தலைமுறைக்குக் கைமாறி வருகிறது. அந்த வரைபடம் தொலைந்தால் விதைகள் இருந்தும் ஆய்வு இல்லாமல் போகும்.

ரிச்சர்ட் லென்ஸ்கி 1988இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வின் வளாகத்தில் தொடங்கி, பின்னர் அதே மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் நடத்திய ஆய்வையும் சொல்லியாக வேண்டும். ஒரே பாக்டீரியாவிலிருந்து 12 கூட்டங்களைத் தனித்தனியே வளர்த்து, ஒவ்வொரு 500 தலைமுறைக்கும் ஒரு மாதிரியை உறையவைத்து வந்தார்கள். 30,000 தலைமுறைகளுக்குப் பிறகு அவற்றுள் ஒரு கூட்டம், உயிர்வளி உள்ள சூழலில் அதுவரை அவற்றால் பயன்படுத்த முடியாத சிட்ரேட் என்னும் வேதிப்பொருளை உண்ணத் தொடங்கியது. அப்போது உறைபெட்டியிலிருந்து அதன் முன்னோர்களை எடுத்து மீண்டும் உயிர்ப்பித்து, எந்தக் கட்டத்துக்குப் பிறகு இந்த மாற்றத்துக்கான அடித்தளம் அமைந்தது என்று சோதித்தார்கள். 2022இல் இந்த ஆய்வு டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டுத் தொடர்கிறது.

பதில் 3: மொழியியல் களப்பணியாளர்

மேலே இருவரும் சொன்னவற்றை முழுமையாக ஏற்கிறேன். மொழிகளின் நிலை பற்றிச் சேர்க்க வேண்டியது ஒன்று உண்டு. இங்கே மூலப்பொருளைத் தந்தவர்கள் மனிதர்கள். பல இடங்களில் அவர்களும் இல்லை, அவர்கள் பேசிய மொழியும் இல்லை.

1870களில் கேப்டவுனில் வில்ஹெல்ம் பிளீக்கும் லூசி லாயிடும், சிறைவாசத்துக்கு உள்ளாகியிருந்த, தென்னாப்பிரிக்கப் பழங்குடியினரான சான் மக்கள் சிலரிடமிருந்து அவர்களுடைய கதைகளையும் நினைவுகளையும் எழுதிக்கொண்டார்கள். 12,000-க்கும் மேற்பட்ட பக்கங்களில், சொன்னவரின் மொழியும் அதன் ஆங்கிலப் பெயர்ப்பும் அருகருகே எழுதப்பட்டிருக்கின்றன. இடையில் தோன்றிய விளக்கங்கள் எதிர்ப்பக்கத்தில் உள்ளன. அந்த மொழியை இன்று பேசுபவர் எவரும் இல்லை. ஒரு முழு மக்களின் சொல்லாட்சி அந்தக் குறிப்பேடுகளுக்குள் எஞ்சியிருக்கிறது. அவற்றில் பெரும்பகுதியைக் கேப்டவுன் பல்கலைக்கழகம் காத்து வருகிறது. யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டிலும் இத்தொகுப்பு இடம்பெற்றுள்ளது.

2021 ஏப்ரல் 18 அன்று மலைச்சரிவிலிருந்து பரவிய தீ அதே பல்கலைக்கழகத்தின் ஜாகர் படிப்பறையை எரித்தது. ஆப்பிரிக்க ஆய்வுகளுக்கான அச்சு நூல்களிலும் திரைப்படங்களிலும் பெரும்பகுதி அழிந்தது. தீத்தடுப்புக் கதவுகள் இறங்கியதால் அடித்தளச் சேமிப்பறைகள் எரியாமல் தப்பினாலும், தீயணைக்கப் பாய்ச்சிய நீர் உள்ளே தேங்கியது. நனைந்த பொருள்களைத் தன்னார்வலர்கள் கைமாற்றிக் கைமாற்றி வெளியே எடுத்தார்கள். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக நூலகம் 1914இல் படையினரால் எரிக்கப்பட்டு, மீண்டும் கட்டப்பட்டு, 1940இல் மறுபடியும் எரிந்தது. இத்தகைய செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது. ஒரே இடத்தில் ஒரே படியாக இருப்பது எதுவானாலும் அது ஆபத்தில்தான் இருக்கிறது.

ஒலிநாடாக்களுக்குத் தீயே தேவையில்லை. நாடாவின் காந்தப் பூச்சு தானாகவே சிதைகிறது. அதை ஓட்டும் கருவிகளின் உதிரிப்பாகங்களும் அவற்றைச் செப்பனிடத் தெரிந்தவர்களும் குறைந்துவருகிறார்கள். பசிபிக் பகுதி மொழிகளின் களப்பதிவுகள் ஓய்வுபெற்ற ஆய்வாளர்களின் வீடுகளில் அழிந்துகொண்டிருப்பதைக் கண்டு, ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்கள் சில இணைந்து 2003இல் பாரடிசெக் என்னும் காப்பகத்தைத் தொடங்கின. அங்கே மின்னாக்கம் செய்த பதிவுகளின் படிகள் அவை எடுக்கப்பட்ட நாடுகளுக்கும் அனுப்பப்படுகின்றன. தம் பாட்டனாரின் குரலை முதன்முறையாகக் கேட்கும் பேரர்களுக்கு அது ஆய்வுத் தரவு அல்ல. ஆகவே ஒரு பதிவை யார் கேட்கலாம், எதை இணையத்தில் வைக்கக் கூடாது என்று முடிவுசெய்வதில் அந்தச் சமூகத்தின் சொல்லுக்கு முதலிடம் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பதில் 4: பொதுச் சுகாதாரத் துறை வாசகர்

சுருக்கமாக ஓர் எடுத்துக்காட்டு. 1994இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ வளாகத்தில் பணியாற்றிய ஸ்டான்டன் கிளான்ட்சுக்கு, புகையிலை நிறுவனம் ஒன்றின் உள் ஆவணங்கள் ஒரு பெட்டியில், அனுப்பியவர் பெயரின்றி வந்து சேர்ந்தன. அவர் அவற்றைப் பல்கலைக்கழக நூலகத்தில் ஒப்படைத்தார். அந்நிறுவனம் நீதிமன்றம் சென்றும் அவற்றைத் திரும்பப் பெற முடியவில்லை. நூலகம் 1995இல் அவற்றை இணையத்தில் வெளியிட்டது. பின்னர் வழக்குகளின் வழியாக வெளிவந்த ஆவணங்களும் சேர்ந்து, இன்று அந்தக் காப்பகத்தில் உள்ளவை ஒரு கோடிக்கும் மேல். தனி ஒருவரின் மேசை இழுப்பறையில் இருந்திருந்தால் அந்தப் பெட்டிக்கு இவ்வளவு பாதுகாப்புக் கிடைத்திருக்காது. அதை ஒரு நூலகம் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டதே பெரிய செயல்.

கேள்வி கேட்டவர்: ஆய்வு மாணவி

அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. இவற்றைப் படித்த பிறகு இன்னொரு ஐயம் எழுகிறது. எது பின்னாளில் பயன்படும் என்று யாருக்கும் தெரியாது என்றால், எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள வேண்டும் என்றல்லவா ஆகிறது? மின்னாக்கம் செய்துவிட்டால் அது முடியும்தானே?

பதில் 5: ஆய்வுத் தரவு நூலகர்

முடியாது என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. மேலே எழுதியவர்கள் சொன்னவை பெரும்பாலும் வெற்றிக் கதைகள். அவற்றுக்குப் பின்னால் இடம், பணியாளர், குளிரூட்டல், ஆண்டுதோறும் நிதி என்று தொடர்ந்த உழைப்பு இருக்கிறது. எங்களிடம் வரும் பொருள்களில் ஒரு பகுதியை மட்டுமே ஏற்க முடிகிறது. எதை ஏற்பது என்று தேர்வுசெய்யும்போது நாங்கள் முதலில் பார்ப்பது அந்தப் பொருளின் சிறப்பை அல்ல. அது வேறெங்கும் இல்லாததா, மீண்டும் உருவாக்க முடியாததா, அதைப் புரிந்துகொள்ளப் போதிய விளக்கம் உடன் இருக்கிறதா என்பவற்றையே பார்க்கிறோம். ஆய்வகத்தில் மறுபடியும் செய்யக்கூடிய ஓர் அளவீட்டைக் கைவிடலாம். ஒரு குறிப்பிட்ட நாளில் ஓர் ஆற்றில் எவ்வளவு நீர் ஓடியது என்பதை மறுபடியும் அளக்க முடியாது.

மூன்றாவது நிபந்தனையில்தான் பெரும்பாலான ஆய்வுத் தரவுகள் தோற்கின்றன. ஒரு கோப்பில் 40 நெடுவரிசைகள் இருக்கும். தலைப்பில் வி1, வி2, வி3 என்று மட்டும் இருக்கும். சில கட்டங்களில் 99 என்று இருக்கும். அது வயதா, விடையளிக்க மறுத்தவருக்கான குறியீடா என்பதைச் சொல்லும் கையேடு இல்லை. ஆய்வாளரிடம் கேட்கலாம் என்றால் அவரும் இல்லை. அந்தக் கோப்பை எத்தனை பத்திரமாக வைத்தும் பயனில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1962 முதலும், எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1967 முதலும் இயங்கிவரும் சமூக அறிவியல் தரவுக் காப்பகங்கள் இன்றும் பயன்படுவதற்குக் காரணம், எண்களோடு கேள்விப் படிவத்தையும் குறியீட்டுக் கையேட்டையும் தொடக்கத்திலிருந்தே கேட்டுப் பெற்று வைத்ததுதான்.

தரவை ஆய்வாளரே வைத்துக்கொள்ளட்டும், தேவைப்படும்போது கேட்டுப் பெறலாம் என்ற எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். 2 முதல் 22 ஆண்டுகள் வரை பழையனவான 516 உயிரியல் கட்டுரைகளின் தரவைக் கேட்டுப் பார்த்த ஓர் ஆய்வு 2014இல் வெளிவந்தது. தரவு இன்னும் இருப்பதற்கான வாய்ப்பு விகிதம் ஆண்டுக்கு 17 விழுக்காடு வீதம் குறைந்துகொண்டே போனதாக அது காட்டியது. மின்னஞ்சல் முகவரிகள் செயலிழந்திருந்தன. தரவு பழைய சேமிப்புச் சாதனங்களில் சிக்கியிருந்தது.

மின்னாக்கம் என்பது நிலையான பாதுகாப்பு என்று எண்ணிவிடாதீர்கள். 1086இல் தோலில் எழுதப்பட்ட இங்கிலாந்தின் டூம்ஸ்டே என்னும் நிலக் கணக்கேடு இன்றும் படிக்கக் கிடைக்கிறது. அதன் 900ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி 1986இல் பிபிசி உருவாக்கிய புதிய கணக்கேடு லேசர் வட்டில் பதியப்பட்டது. 20 ஆண்டுகள் ஆவதற்குள் அதை ஓட்டும் கருவிகள் அரிதாகிவிட, லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தனித் திட்டம் வகுத்து அதை மீட்க வேண்டியிருந்தது. எண்ணிமக் கோப்புகளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய வடிவத்துக்கும் புதிய சாதனத்துக்கும் மாற்ற வேண்டும். பல இடங்களில் படிகள் இருக்க வேண்டும். அந்தப் படிகள் ஒன்றோடொன்று ஒத்திருக்கின்றனவா என்று தொடர்ந்து சரிபார்க்க வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நூலகம் 1999இல் தொடங்கிய லாக்ஸ் திட்டம் இந்த அடிப்படையிலேயே இயங்குகிறது.

மின்னாக்கத்தில் சில இழப்புகளும் உண்டு. ஹார்வர்டின் தட்டுகளை வருடியபோது (ஸ்கேன் செய்தபோது), கண்ணாடியில் இருந்த மைக்குறிகள் விண்மீன்களை மறைத்ததால் அவற்றைத் துடைக்க வேண்டியிருந்தது. துடைக்கும் முன் அந்தக் குறிகளைத் தனியே படமெடுத்து வைத்தார்கள் என்பது பாராட்டத்தக்கது. வானியலாளருக்கு இடையூறாக இருந்த அதே மைதான் உங்களைப் போன்ற அறிவியல் வரலாற்று ஆய்வாளருக்கு மூல ஆவணம்.

பதில் 6: ஆவணக் காப்பாளர்

மூன்றாவது கேள்வி விடுபட்டிருப்பதால் மீண்டும் எழுதுகிறேன். நேரில் செல்ல வேண்டிய தேவை இன்னும் இருக்கிறது. பெரும்பாலான காப்பகங்களில் மின்னாக்கம் செய்யப்பட்டது ஒரு சிறு பகுதிதான்; மின்னாக்கம் ஆன பக்கங்களிலும் தாளின் நீர்க்குறி, அழித்து எழுதிய தடம், இரு தாள்களை இணைத்திருந்த ஊசியின் துளை போன்றவை படத்தில் தெரியாமல் போவதுண்டு.

புறப்படும் முன் அந்தத் தொகுப்பின் விளக்கப் பட்டியலை இணையத்தில் தேடிப் படியுங்கள். யாருடைய தாள்கள், எந்த ஆண்டுகளுக்கு உரியவை, எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது, எவை இன்னும் பார்வைக்குத் திறக்கப்படவில்லை என்பவை அதில் இருக்கும். நோயாளிகளின் பெயர்கள், மாணவர்களின் மதிப்பெண்கள், உயிரோடு இருப்பவர்களின் கடிதங்கள் ஆகியவை பல ஆண்டுகளுக்கு மூடிவைக்கப்படுவது வழக்கம். பின்னர்ப் பெட்டி எண்களைக் குறித்துக் காப்பாளருக்கு முன்கூட்டியே எழுதுங்கள். பல பெட்டிகள் வேறு கட்டடத்திலிருந்து வரவழைக்கப்பட வேண்டியவை. உங்கள் ஆய்வுக் கேள்வியையும் இரண்டு மூன்று வரிகளில் சேர்த்து எழுதுங்கள். விளக்கப் பட்டியலில் இடம்பெறாத, இன்னும் வகைப்படுத்தப்படாத பொருள்களைப் பற்றிக் காப்பாளருக்குத் தெரிந்திருக்கும். கேள்வி தெரிந்தால்தான் அவற்றை நினைவுபடுத்திச் சொல்ல முடியும்.

படிப்பறையில் பேனாவுக்கு இடமில்லை, பென்சில் மட்டுமே. ஒரு நேரத்தில் ஒரு கோப்பைத்தான் திறக்க விடுவார்கள். தாள்களைத் தொடக் கையுறை வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கழுவி உலர்ந்த வெறுங்கையே பெரும்பாலான தாள்களுக்கு நல்லது, கையுறை அணிந்தால் விரலின் உணர்வு குறைந்து ஓரங்கள் கிழியும். ஒளிப்படங்களுக்கும் எதிர்மறைகளுக்கும் மட்டும் கையுறை தருவார்கள். கோப்புக்குள் தாள்கள் வரிசை தவறி இருப்பதாகத் தோன்றினால் நீங்களாகச் சரிசெய்யாமல் காப்பாளரிடம் சொல்லுங்கள். நீங்கள் பார்த்த ஒவ்வொரு தாளுக்கும் பெட்டி எண்ணையும் கோப்பு எண்ணையும் அன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தத் தொகுப்பைத் தேடுகிறீர்கள் என்பதை இங்கே எழுதினால், விளக்கப் பட்டியலை எப்படிப் படிப்பது என்று அடுத்து விளக்குகிறேன்.